வைன்கிளாஸ் விரிகுடா: மேலே நின்று பார்ப்பதா, மணலில் இறங்குவதா, கடல் வழியாகப் போவதா?

ஊரிலிருந்து அப்பா அம்மா மெல்பர்ன் வந்திருக்கும்போது டாஸ்மேனியாவுக்கும் ஒரு எட்டு கூட்டிப்போய் வரலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வைன்கிளாஸ் பேயை எப்படிப் பார்க்கிறது? அந்த வியூ பாயின்ட் வரைக்கும் போனா போதுமா?" போன வாரம் கேட்டவர் அலுவலகத் தோழி. அவருடைய மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது, இடது முழங்காலில் தேய்மானம். பையனுக்கு ஒன்பது வயது, ஓரிடத்தில் நிற்க மாட்டான். கணவர் நடப்பதற்கென்றே லீவு போடுகிறவர். கையில் இருப்பது இரண்டு பகல். போனில் பத்து நிமிஷம் பேசியும் முடியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஃப்ரேசினே தீபகற்பம். 1916ல் தேசியப் பூங்காவானது. மவுண்ட் ஃபீல்டும் இதுவும்தான் டாஸ்மேனியாவின் முதல் தேசியப் பூங்காக்கள். வரைபடத்தில் ஒரே நிலத்துண்டு போலத் தெரிந்தாலும் அங்கே இருப்பவை இரண்டு மலைத்தொகுதிகள். வடக்கே ஹாசர்ட்ஸ் என்று அழைக்கப்படும் ஐந்து குன்றுகள். தெற்கே கிரகாம், ஃப்ரேசினே மலைகள். இரண்டுக்கும் நடுவில் கடல் கொண்டுவந்து சேர்த்த மணல், தாழ்வான இடுப்பு மாதிரி அவற்றை இணைக்கிறது. அந்த இடுப்பின் கிழக்கு ஓரம் வைன்கிளாஸ் விரிகுடா, மேற்கு ஓரம் ஹாசர்ட்ஸ் கடற்கரை. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தால் அரை மணி நேரம்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழி யாருக்குச் சரி என்பதெல்லாம் இந்த அமைப்பைப் பொறுத்ததுதான்.

விரிகுடாவுக்குச் சாலை கிடையாது. கார் நிற்பது குன்றுகளின் இந்தப் பக்கம், விரிகுடா இருப்பது அந்தப் பக்கம். குன்றைத் தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

எல்லோரும் முதலில் தேர்ந்தெடுப்பது மேலே இருக்கும் பார்வைத் தளத்தை. ஆமோஸ், மேசன் என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு கணவாய் இருக்கிறது, தளம் அங்கேதான். கார் நிறுத்துமிடத்திலிருந்து போக வர சுமார் 3 கிலோமீட்டர், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். பாதையை நன்றாகப் போட்டிருக்கிறார்கள். சரளை, கல்படி, இடையிடையே உட்கார பெஞ்ச். ஆனால் ஏற்றம் ஏற்றம்தான், போகும்போது கிட்டத்தட்ட முழுக்க மேல்நோக்கியே போக வேண்டும். மேலே போய் நின்றால் போஸ்ட்கார்டுகளில் பார்க்கும் அதே காட்சி கிடைக்கும்: பிறை வடிவில் வெள்ளை மணல், அதற்குள் அடங்கிய நீலம், பின்னால் கிரகாம் மலை.

என் அம்மாவை முதல் தடவை அங்கேதான் கூட்டிப்போனேன். ஜனவரி மாதம், பதினொரு மணி வெயில். படிகளின் உயரம் ஒரே மாதிரி இல்லை. ஒரு படிக்குச் சாதாரணமாகக் கால் வைத்தால் போதும், அடுத்ததற்குத் தொடையில் கையை ஊன்றி எழ வேண்டியிருக்கும். அம்மா ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததைவிட எழுந்திருப்பதற்குத்தான் சிரமப்பட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேலே தளத்தில் நல்ல கூட்டம். கம்பிப் பக்கம் இடம் கிடைக்க ஐந்து நிமிஷம், படம் எடுக்க ஐந்து நிமிஷம். அம்மா கீழே அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அந்தத் தண்ணியில காலை நனைக்க முடியாதாப்பா?" முடியாது என்று சொன்னேன். அங்கிருந்து கடற்கரைக்கு இறங்குவதற்குக் கிட்டத்தட்ட ஆயிரம் படி என்று சொல்வார்கள். இறங்கினால் அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது.

மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பார்வைத் தளம்தான் சுலபமான வழி என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. தூரம் குறைவு என்பதால் வரும் நினைப்பு அது. முழங்காலுக்குத் தூரம் பெரிதில்லை, படிதான் எதிரி. சமதளத்தில் நான்கு கிலோமீட்டர் மெதுவாக நடக்கக்கூடிய பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதே பெரியவர்களால் செங்குத்தான ஒன்றரை கிலோமீட்டரை ஏறி இறங்க முடியாமல் போகலாம். அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

கால் நன்றாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது: தளத்தோடு திரும்பாதீர்கள், இறங்குங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து கடற்கரை வரை போய்த் திரும்ப 6 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். தளத்தைத் தாண்டிய உடனேயே கூட்டம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். படி இறங்க இறங்கக் கடலின் சத்தம் மேலே ஏறி வரும். கீழே மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து மணலில் கால் வைக்கும்போதுதான் மேலே பார்த்தது எவ்வளவு குறைவு என்று புரியும். மேலிருந்து பார்த்தபோது அலையே இல்லாதது போலத் தெரிந்த கடல் இங்கே ஓங்கி அடித்துவிட்டு உறிஞ்சிக்கொண்டு போகும். மணல் நல்ல வெள்ளை. கருங்கல் தேய்ந்து மிஞ்சிய குவார்ட்ஸ் அது. கரையோரப் பாறைகளில் ஆரஞ்சு நிறத்தில் பாசிக்காளான் படர்ந்திருக்கும். நம் ஊரில் கருங்கல் என்று சொல்வதே கருப்பாக இருப்பதால்தான். இங்கே அதே கல் இளஞ்சிவப்பு. ஆர்த்தோகிளேஸ் என்ற கனிமம் தரும் நிறம் அது. கிட்டத்தட்ட 40 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகி இறுகிய பாறை.

குளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கரை சட்டென்று ஆழமாகிறது. அலை ஓரத்திலேயே உடைந்து இழுக்கும். உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. கோடையிலும் தண்ணீர் எலும்பு வரை குளிரும். பெரியவர்கள் காலை நனைக்கலாம், நீந்தத் தெரிந்தவர்கள் அமைதியான நாளில் இறங்கலாம். குழந்தைகளைத் தண்ணீரில் விளையாட விட வேண்டுமென்றால் கோல்ஸ் பே என்ற ஊர்ப் பக்கமே இருக்கும் ஹனிமூன் பே என்ற சின்னக் குடாவுக்குக் கூட்டிப்போங்கள். மேற்குப் பக்கம் பார்த்தது, அலை அடங்கியது.

எனக்கு இருப்பதிலேயே பிடித்த வழி ஹாசர்ட்ஸ் கடற்கரைச் சுற்று. 11 கிலோமீட்டர், நான்கு முதல் ஐந்து மணி நேரம். இதே பார்வைத் தளம், இதே இறக்கம், வைன்கிளாஸ் மணல். அங்கிருந்து ஏறித் திரும்பாமல், அந்த மணல் இடுப்பைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போய், மேசன் குன்றின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு காருக்கு வந்து சேர வேண்டும். தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு என்பதைப் பார்த்துப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் கணக்கு வேறு. ஆயிரம் படியை இறங்கிவிட்டு அதே ஆயிரத்தை மத்தியான வெயிலில் ஏறுவதைவிட, பெரும்பாலும் சமமாக, லேசான ஏற்ற இறக்கத்தோடு போகும் எட்டு கிலோமீட்டர் எவ்வளவோ மேல். என் மச்சான் நடைப் பழக்கமே இல்லாதவர். அவரை இந்தச் சுற்றில் கூட்டிப்போனபோது ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டோம், முனகாமல் வந்தார்.

நடுவில் அந்த இடுப்பைக் கடக்கும்போது சூழல் முற்றிலும் மாறிவிடும். மணல்மேட்டுக்குப் பின்னால் ஹாசர்ட்ஸ் லகூன் என்ற சதுப்பு நிலம், நாணல், பறவைகள். அலைச் சத்தம் முதுகுப் பக்கம் தேய்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கடல் கேட்கும். மிக மெல்லிய, ஏரி போன்ற சத்தம். அது கிரேட் ஆய்ஸ்டர் பே. எதிர்க்கரையில் ஸ்வான்சி ஊர். ஹாசர்ட்ஸ் கடற்கரையின் மணல்மேடுகளில் கிளிஞ்சல் ஓடுகள் அடுக்கடுக்காகப் புதைந்து, காற்று அரித்த இடங்களில் வெளியே தெரியும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஆய்ஸ்டர் பே மக்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. அவற்றின் மேல் நடக்காதீர்கள், ஒன்றையும் எடுத்து வராதீர்கள். 1802ல் நிக்கோலா போதான் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் இந்தத் தீபகற்பத்துக்குத் தங்களோடு வந்த ஃப்ரேசினே சகோதரர்களின் பெயரை வைத்தார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த ஓடுகள் சேர ஆரம்பித்துவிட்டன.

அங்கிருந்து கார் வரைக்குமான பாதையில் சில இடங்களில் ஷீ-ஓக் மரக்கூட்டம் வரும். நம் சவுக்குக்கு நெருங்கிய உறவு. காற்று அதன் ஊசி இலைகளுக்குள் புகும்போது வரும் "உஸ்ஸ்" என்ற ஓசை கிழக்குக் கடற்கரைச் சாலை சவுக்குத் தோப்பில் கேட்கும் அதே ஓசை. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரியாது. அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். இரண்டு நிமிஷத்தில் ஒரு வாலபி வந்து மூன்றடி தள்ளி நின்றது. கங்காருவின் சின்னத் தம்பி மாதிரி இருக்கும், கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நேராகப் பார்க்கும். கொடுக்காமல் இருப்பது கஷ்டம். கொடுக்கவே கூடாது. நாம் தரும் ரொட்டியும் சோறும் அதன் தாடையில் கட்டி விழச் செய்து, கடைசியில் மெல்ல முடியாமல் சாகடிக்கிறது. பொட்டலத்தை மூடிவிட்டுக் காத்திருந்தோம், போய்விட்டது.

பெரியவர்களுக்கான வழிகள் இனி. கோல்ஸ் பேயிலிருந்து சிறிய படகுகள் வாடகைக் கார் போல ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் ஹாசர்ட்ஸ் கடற்கரையில் இறக்கிவிடுகின்றன, சொன்ன நேரத்துக்குத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்கின்றன. அங்கே இறங்கிவிட்டால் வைன்கிளாஸ் விரிகுடா அந்த மணல் இடுப்புக்கு அப்பால், அரை மணி நேர சமதள நடையில் இருக்கிறது. மலையே ஏறாமல் விரிகுடாவின் மணலைத் தொடும் வழி இது. இப்படி ஒன்று இருப்பது என் முதல் பயணத்தில் எனக்குத் தெரியாது.

மூன்றாம் தடவை அம்மாவை இப்படித்தான் கூட்டிப்போனேன். படகின் முனையை மணலில் முட்டவிட்டு, சின்ன ஏணியை இறக்கினார் படகுக்காரர். முழங்காலுக்குக் கீழே தண்ணீர். அம்மா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் தோளில் ஊன்றி இறங்கினார். குறுக்கே கடக்க எங்களுக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. மரங்கள் விலகி வைன்கிளாஸ் மணல் வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு நேராகத் தண்ணீருக்குப் போனார். அலை வந்து கணுக்காலைச் சுற்றியதும் "அம்மாடி, ஐஸு!" என்று கத்திவிட்டு, பின்வாங்காமல் அங்கேயே நின்றார்.

இதில் இடைஞ்சலும் உண்டு. மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ காற்று பலமாக அடித்தால் ஹாசர்ட்ஸ் கரையில் படகு ஒட்ட முடியாது, பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு பகலை வைத்துக்கொண்டு இதை நம்பிப் போகாதீர்கள். முன்பதிவு செய்யும்போதே பெரியவரின் நிலையைச் சொல்லி, ஏணியில் இறங்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். போகும்போதும் திரும்பும்போதும் ஹாசர்ட்ஸ் கரையில் தண்ணீரில்தான் இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பதால் உலர்ந்த மாற்றுத் துணி கட்டாயம்.

பெரிய படகில் போகும் உல்லாசப் பயணம் இன்னொரு வகை. நான்கைந்து மணி நேரம். கோல்ஸ் பேயில் கிளம்பி, தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கே போய், ஷூட்டன் தீவுக்கும் தீபகற்ப முனைக்கும் நடுவிலுள்ள நீரிணையைக் கடந்து, திறந்த கடலுக்குள் நுழைந்து, கிழக்குப் பக்கமாக வடக்கே ஏறி வைன்கிளாஸ் விரிகுடாவுக்குள் போய் நங்கூரம் போடுவார்கள். மதியச் சாப்பாடு அங்கே. நடக்கவே முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. அதோடு, நிலத்தில் நடப்பவர் யாரும் பார்க்க முடியாத ஒன்றை இது காட்டும்: கிழக்குக் கரையின் கருங்கல் சுவர். கடலிலிருந்து நேரே எழும் செங்குத்துப் பாறை, அலை குடைந்த குகைகள், மேலே வட்டமிடும் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு, பாறையில் படுத்திருக்கும் கடல்நாய்கள். டால்பின்கள் படகின் முனையில் கூடவே வருவதும் உண்டு. குளிர்காலம் தொடங்கி வசந்தம் வரை திமிங்கிலங்கள் இந்தக் கரையோரமாகப் போய் வருகின்றன, கூன்முதுகுத் திமிங்கிலமும் தென்கடல் ரைட் திமிங்கிலமும். 1820களில் இதே விரிகுடாவில் திமிங்கில வேட்டை நடந்தது. கொன்ற திமிங்கிலங்களைக் கரைக்கு இழுத்து வந்து அறுத்தபோது கடல் சிவப்பு ஒயின் நிறமாக மாறியதால்தான் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. கோப்பை வடிவத்தால் வந்த பெயர் என்பாரும் உண்டு. எதுவாக இருந்தாலும், அந்த நீரில் இன்று ஒரு திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்த்தால் மனம் நெகிழ்ந்துபோகும்.

ஆனால் படகுப் பயணத்தை எடுப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். ஒன்று, வழக்கமாக இவை விரிகுடாவுக்குள் நிற்குமே தவிர மணலில் இறக்கிவிடாது. காலை நனைக்க ஆசைப்படுபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இரண்டு, நீரிணையைத் தாண்டியதும் கடலின் குணம் மாறும். அதுவரை ஆடாத படகு அங்கிருந்து தூக்கிப் போடும். தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. சில படகுகளில் குழந்தைகளுக்கு வயது வரம்பு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணமும் மற்ற எல்லா வழிகளையும்விட அதிகம். நான்கு பேர் குடும்பம் என்றால் யோசிக்க வைக்கும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், கைக்குழந்தை வண்டி தள்ளுபவர்களுக்குக் கேப் டூர்வில். 1971ல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கும் முனை. கார் நிற்கும் இடத்திலிருந்து இருபது நிமிஷச் சுற்று, சமமான பாதை. கீழே திறந்த கடல், நக்கெட்ஸ் என்ற நான்கு பாறைத் திட்டுகள், தெற்கே எட்டிப் பார்த்தால் வைன்கிளாஸ் மணலின் ஒரு கீற்று. இங்கே சூரிய உதயத்துக்கு வருவது உத்தமம்.

ஆமோஸ் குன்றின் உச்சிக்கு ஏறுவதைப் படங்களில் பார்த்துவிட்டுப் பல இளைஞர்கள் கேட்கிறார்கள். 454 மீட்டர், போக வர மூன்று மணி நேரம். மேலே கிடைக்கும் காட்சி பார்வைத் தளத்தைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் பாதி வழி சாய்ந்த வழவழப்பான பாறை. கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். மழை பெய்தாலோ, முந்தின இரவு பெய்து பாறை ஈரமாக இருந்தாலோ கிட்டேயே போகாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிறார்கள். சிறு விமானத்தில் மேலே பறந்து பார்க்கும் வசதியும் உண்டு. நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.

இரவு தங்கி நடக்கும் தீபகற்பச் சுற்று சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு அல்லது மூன்று நாள். ஹாசர்ட்ஸ் கடற்கரை, குக்ஸ் கடற்கரை, கிரகாம் மலையின் மேல் ஏறி வைன்கிளாஸ் விரிகுடாவின் தென் முனைக்கு இறங்கி, அங்கே கூடாரம் போட்டுத் தங்கலாம். பகல்நேரக் கூட்டம் திரும்பிப் போன பிறகு அந்த மணல் முழுக்க உங்களுடையது. ஆனால் குடிநீரை நம்ப முடியாது, சுமந்துகொண்டுதான் போக வேண்டும். நெருப்பு மூட்டக் கூடாது, அடுப்பு மட்டும். இங்குள்ள செடிகளின் வேரை அழுகச் செய்யும் பைட்டாப்தோரா என்ற நோய் காலணியில் ஒட்டிய மண் வழியாகப் பரவுகிறது. நோய் உள்ள பகுதியின் மண் நோயில்லாத பகுதிக்குப் போகாமலிருக்க, இந்தச் சுற்றைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நடக்கச் சொல்கிறார்கள். எந்தப் பாதையில் போனாலும் காலணியைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவது நல்லது.

எந்த வழி என்பதைவிட, முந்தின இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பது முக்கியம். ஹோபார்ட்டிலிருந்து சுமார் 195 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்துக்கு மேல். லான்செஸ்டனிலிருந்தும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஒரே நாளில் போய்த் திரும்புகிறேன் என்று கிளம்பினால் ஐந்து ஆறு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். போய்ச் சேரும்போது உச்சி வெயில், கார் நிறுத்த இடமிருக்காது, அவசர அவசரமாகத் தளத்துக்கு ஏறி இறங்கத்தான் முடியும். அத்தனை பேர் தளத்தோடு திரும்புவதற்கு இதுதான் காரணம். அதோடு இருட்டிய பிறகு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். வாலபியும், பாசம் (possum) என்ற மரவிலங்கும் பொசுக்கென்று சாலைக்குள் பாயும் நேரம் அது. சாலையோரத்தில் அடிபட்டுக் கிடப்பவற்றைப் பார்த்தால் வேகம் தானாகக் குறையும். கோல்ஸ் பேயில் ஒரு இரவாவது தங்குங்கள். சின்ன ஊர், 2003லேயே கடைகளில் பிளாஸ்டிக் பையை ஒழித்த ஊர். அங்கே தங்கினால் காலை ஏழரைக்குப் பாதையில் இருக்கலாம். மாலையில் ரிச்சர்ட்சன்ஸ் கடற்கரையில் உட்கார்ந்தால் மேற்கு வெயில் பட்டு ஹாசர்ட்ஸ் குன்றுகள் ரோஜா நிறத்திலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கலாம். இடம் கிடைக்கவில்லை என்றால் ஸ்வான்சி. எதிர்க்கரை என்றாலும் வளைகுடாவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும். பூங்காவின் கூடாரத் திடலுக்குக் கோடை விடுமுறையிலும் ஈஸ்டரிலும் குலுக்கல் முறையில்தான் இடம் ஒதுக்குவார்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

மாதம்? டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பகல் பதினைந்து மணி நேரம் இருக்கும், கூட்டமும் அப்போதுதான். என் தேர்வு மார்ச். காற்று அடங்கியிருக்கும், கடல் கோடைச் சூட்டைக் கொஞ்சம் வைத்திருக்கும், பள்ளி திறந்திருக்கும். ஜூன், ஜூலையில் பகல் ஒன்பது மணி நேரம்தான். குளிருக்கு அஞ்சாதவர்களுக்கு அதுவும் அழகு, ஆனால் படகுகள் குறைவு.

சில்லறை விஷயங்கள். பூங்காவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். வண்டிக்கு எடுத்தால் உள்ளே இருக்கும் எட்டுப் பேர் வரை அடங்கும். டாஸ்மேனியாவில் இரண்டு மூன்று பூங்காக்களைப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு மாதச் சீட்டுதான் லாபம். பாதைகளில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தூக்குங்கள். பாம்பு உண்டு. டாஸ்மேனியாவில் இருப்பவை மூன்று இனம், மூன்றுக்கும் விஷம். பாதையை விட்டு விலகாமல் நடந்தால் அவை தம் வழியே போய்விடும். ஜாக் ஜம்பர் என்று ஒரு எறும்பு, கருப்பு உடம்பு, மஞ்சள் கால், குதித்துக் குதித்து ஓடும். அது கொட்டினால் சிலருக்கு ஒவ்வாமை கடுமையாகும், ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். மெல்பர்னிலிருந்து விமானத்தில் வந்தாலும், ஜீலாங்கிலிருந்து இரவுக் கப்பலில் காரோடு வந்தாலும், பழம் காய்கறி கொண்டுவர அனுமதி இல்லை. அம்மா பையில் போட்டு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் விமான நிலையத்தில் நாய் மோப்பம் பிடித்து நின்றது, தொட்டியில் போட்டுவிட்டு வந்தோம். வீட்டிலேயே சமைத்துக் கட்டிய சோறு என்றால் தொந்தரவு இல்லை.

தோழிக்கு நான் சொன்ன ஏற்பாடு இதுதான். கோல்ஸ் பேயில் இரண்டு இரவு தங்குங்கள். முதல் பகலில் படகு முன்பதிவு, காற்று கெடுத்தால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ள இடமிருக்கும். கணவரும் பையனும் எட்டு மணிக்குக் கார் நிறுத்துமிடத்திலிருந்து நடக்கட்டும், தளத்தைத் தாண்டி ஆயிரம் படியையும் இறங்கட்டும். பையனுக்குப் படி எண்ணும் வேலையைக் கொடுத்துவிடலாம். நீங்களும் மாமியாரும் ஒன்பது மணிப் படகில் ஹாசர்ட்ஸ் கடற்கரையில் இறங்கி, மெதுவாகக் குறுக்கே கடந்து வாருங்கள். இரண்டு பாதையும் வைன்கிளாஸ் மணலின் வடக்கு முனையில்தான் வந்து சேர்கின்றன. போன் சிக்னலை நம்ப வேண்டாம். பத்தரை மணிக்கு, படி இறங்கும் இடத்துக்குப் பக்கத்துப் பாறை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பையன் களைத்திருந்தால் அவனும் உங்களோடு படகில் வரட்டும், அதற்கு ஒரு இடம் கூடுதலாகச் சொல்லி வையுங்கள். மாமியாருக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு துண்டு, பாவாடையோடு ஒரு மாற்றுப் புடவை. ஒரு கம்பளிச் சால்வையும் எடுத்துப் போங்கள், தண்ணீரிலிருந்து வந்ததும் கால் நடுங்கும்.